முகத்தை யார் பார்க்கிறார்கள்?

துப்பறியும் கதையின் கதை – 14

லண்டன், போ தெரு காவல் நிலையம். விடிந்தும் விடியாத நேரம். லாக்கப்பில் ஹ்யூ பூன் என்ற பிச்சைக்காரன் அசந்து தூங்குகிறான். செம்பட்டைத் தலை, கண்ணிலிருந்து மோவாய் வரை இறங்கிய தழும்பு, அந்தத் தழும்பு இழுத்ததில் ஒரு பக்கமாக மேலே ஏறிவிட்ட உதடு. நெவில் செயின்ட் கிளேர் என்கிற கௌரவமான குடும்பஸ்தரை இவன்தான் தீர்த்துக் கட்டியிருக்க வேண்டும் என்று போலீஸுக்குச் சந்தேகம். ஷெர்லாக் ஹோம்ஸ் பையைத் திறக்கிறார். உள்ளேயிருந்து வருவது குளியலறை ஸ்பாஞ்சு. கூஜாத் தண்ணீரில் அதை நனைத்துத் தூங்குகிறவன் முகத்தில் இரண்டு தேய் தேய்க்கிறார். தழும்பு கரைகிறது, உதடு நேராகிறது, ஒரு இழுப்பில் செம்பட்டை முடி கையோடு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிறவர், கொலையுண்டதாக ஊரே நம்பிய செயின்ட் கிளேர்!

1891 டிசம்பர் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்த கதை இது. செயின்ட் கிளேர் ஒரு காலத்தில் மேடை நடிகர். பிறகு மாலைப் பத்திரிகை ஒன்றில் நிருபர், வாரம் 2 பவுண்டு சம்பளம். நகரத்துப் பிச்சைக்காரர்களைப் பற்றி எழுது என்று ஆசிரியர் சொன்னதும், ஒப்பனை அறையில் கற்ற வித்தையைக் காட்டி வேஷம் கட்டித் தெருவில் உட்கார்ந்தார். 7 மணி நேரத்தில் தட்டில் விழுந்தது 26 ஷில்லிங் 4 பென்ஸ். அதாவது வாரச் சம்பளத்தில் பாதிக்கும் மேல். அப்புறம் எந்த மடையன் பத்திரிகை ஆபீசுக்குப் போவான்? பத்திரிகைக்காகப் பரதேசி வேஷம் போடுவதும் ஹோம்ஸைப் படைத்த டாயலின் கற்பனையல்ல. 1866-லேயே ஜேம்ஸ் கிரீன்வுட் என்ற நிருபர் கந்தலை உடுத்திக்கொண்டு லாம்பெத் ஏழைகள் விடுதியில் ஓர் இரவு படுத்து எழுந்து, அதைத் தொடராக எழுதி லண்டனைக் கலக்கியிருந்தார்.

இந்த அத்தியாயம் வேஷக்காரர்களைப் பற்றியது. யார் யாராக நடித்தார்கள் என்பதைச் சொல்லாமல் ஆள்மாறாட்டத்தைப் பேச வழியில்லை. ஆகவே சில கதைகளின் குட்டு இங்கே உடையும். நூறு வருஷம் தாண்டியவற்றுக்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அகதா கிறிஸ்டியிடம் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். அவருடைய நாவல்களில் ஒன்றைத்தான் முழுதாக உடைக்கப் போகிறேன். அந்த இடம் வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

துப்பறியும் கதைக்கு வேஷம் வந்தது மேடையிலிருந்து. மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோமே, விடோக், சிறையிலிருந்து தப்பித் தப்பி ஓடி, கடைசியில் பாரிஸ் போலீஸின் துப்பறியும் பிரிவுக்கே தலைவரானவர், அவர் 1828-ல் வெளியிடத் தொடங்கிய நினைவுக்குறிப்புகளில் வேஷம் கட்டாத பக்கம் குறைவு. சூடு ஆறுவதற்குள், 1829-லேயே, அது லண்டனில் நாடகமாகிவிட்டது. 1845-ல் விடோக்கே லண்டனுக்கு வந்து ரீஜன்ட் தெருவில் கண்காட்சி வைத்தார். முதுமையில் தன்னையே காட்சிப் பொருளாக்கிக்கொண்ட போலீஸ்காரர்! 1863-ல் டாம் டெய்லரின் நாடகம் ஒன்று ஒலிம்பிக் தியேட்டரில் சக்கைப்போடு போட்டது. அதில் ஹாக்‌ஷா என்ற துப்பறிவாளர் வேஷத்தைக் களைந்து தன் பெயரை உரக்கச் சொல்லும் கட்டம் அவ்வளவு பிரசித்தம். பிற்பாடு துப்பறிகிறவர்களுக்கெல்லாம் ஹாக்‌ஷா என்பதே பட்டப்பெயராகிவிட்டது.

எழுதியவர்களும் கொட்டகை வாசனை பட்டவர்கள்தான். எட்கர் ஆலன் போவின் தாய் தந்தை இருவரும் நடிகர்கள். தாய் இறந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பவில்லை. 1844-ல் வந்த அவருடைய 'களவுபோன கடிதம்' கதையில் துப்பறிவாளர் துப்பேன், பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அமைச்சரின் அறைக்குள் நுழைகிறார். கண் நோவு என்று சாக்கு. கண்ணாடிக்குப் பின்னால் விழிகள் அறையைத் துழாவுகின்றன. மறுநாள் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் துப்பாக்கி வெடிக்கிறது, கூச்சல் எழுகிறது, அமைச்சர் ஜன்னலுக்கு ஓடுகிறார், துப்பேன் கடிதத்தை மாற்றி வைக்கிறார். தெருவில் சுட்ட பைத்தியக்காரன் அவர் கூலிக்கு அமர்த்திய ஆள். கண்ணாடியைவிட இந்தக் கூலி நடிகன்தான் முக்கியம் என்பேன். தான் வேஷம் போடுவது ஒன்று. ஊரையே மேடையாக்கி எதிராளியை அறியாமல் அதில் நடிக்க வைப்பது வேறு.

வில்கி காலின்ஸ் இதில் ஒரு படி மேலே. டிக்கன்ஸும் அவரும் 1851-ல் பழகியதே ஓர் அமெச்சூர் நாடகத்தின் பொருட்டுத்தான். 1862-ல் தொடர்கதையாக வந்த அவருடைய 'நோ நேம்' நாவலில் மாக்டலன் என்ற பெண், சட்டத்தின் ஓட்டையால் சொத்தை இழந்தவள், தனி ஆளாக மேடையேறிப் பல வேஷங்களை மாற்றி மாற்றி நடித்துப் பிழைக்கிறாள். பிறகு அந்த வித்தையையே ஆயுதமாக்கி, தன்னை வளர்த்த ஆசிரியை வேஷத்தில் எதிரியின் வீட்டுக்குப் போகிறாள். நரை, சுருக்கம், குரல் எல்லாம் கச்சிதம். ஆனால் அந்த வீட்டு நிர்வாகி லெகவுன்ட் அம்மாள், வந்தவளுக்குத் தெரியாமல், பாவாடையின் உள்மடிப்பில் ஒரு சிறு துண்டைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்கிறாள். முகத்தை என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ளலாம், துணி பொய் சொல்லாது. தடயம் என்றால் என்ன என்பதை அந்தக் கத்தரிக்கோல் சத்தத்தைவிடத் தெளிவாகச் சொன்ன இடம் அந்தக் காலத்து நாவல்களில் அதிகம் இல்லை.

இனி ஹோம்ஸ். மாலுமி, குதிரைக்காரன், பாதிரி, பழைய புத்தக வியாபாரி என்று அவர் கட்டிய வேஷங்களை வாசகர்களே அடுக்குவீர்கள். 1891 ஜூலையில் வந்த 'பொஹிமியாவில் ஓர் அவதூறு' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் டாயல் போவிடம் பட்ட கடன் பளிச்சென்று தெரிகிறது. தெருவில் சண்டை போடுகிறவர்கள் எல்லாம் கூலி ஆட்கள். கிழப் பாதிரி முகத்தில் வழியும் ரத்தம் சிவப்புச் சாயம். வாட்சனுக்குக் கொடுத்த வேலை, புகைக்குண்டை ஜன்னல் வழியே எறிந்து 'தீ' என்று கத்துவது. தீ என்றதும் ஐரீன் அட்லர் எதைக் காப்பாற்ற ஓடுகிறாளோ, அங்கேதான் ஹோம்ஸ் தேடி வந்த புகைப்படம் ஒளிந்திருக்கிறது. துப்பேனின் துப்பாக்கிச் சத்தம் இங்கே புகையாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் டாயல் ஒரு காரியம் செய்தார். எதிரே நிறுத்திய பெண் ஆப்பரா பாடகி, வார்சா அரங்கின் தலைமைப் பாடகியாக இருந்தவள். அவளுக்கும் மேடை தெரியும். தொழில்காரியின் கண் ஏமாறுமா? அன்றிரவே ஆண் உடையில் பேக்கர் தெருவரை பின்தொடர்ந்து வந்து, ஹோம்ஸின் வாசலிலேயே அவர் பெயர் சொல்லி இரவு வணக்கம் கூறிவிட்டுப் போகிறாள். எங்கேயோ கேட்ட குரல் என்று யோசிக்கிறாரே தவிர, லண்டனின் மகா நிபுணருக்குப் பிடிபடவில்லை. மேடையை ஹோம்ஸ் பொழுதுபோக்காகப் பழகியவர், அவள் அதில் சோறு சாப்பிட்டவள். முதல் சிறுகதையிலேயே நாயகனை ஒரு நடிகையிடம் தோற்க வைத்த டாயலின் துணிச்சல் பெரிது.

ஹோம்ஸ் ஒப்பனையின் உச்சம் என்று நான் நினைப்பது 1913-ல் வந்த 'சாகக் கிடக்கும் துப்பறிவாளர்'. நெற்றியில் வாஸ்லின், கண்ணில் பெல்லடோனா, கன்ன எலும்பில் ரூஜ், உதட்டோரம் பொருக்குப் பொருக்காகத் தேன்மெழுகு. இத்தனையும் சேர்ந்தால் தொற்றுநோய் கண்டவர். போதாததற்கு மூன்று நாள் பட்டினி. வாட்சன் டாக்டர் என்பதால் அவரைப் பக்கத்தில் அண்டவிடாமல் விரட்டிக்கொண்டே இருக்கிறார். தன் வேஷம் எத்தனை அடி தூரம் வரை தாங்கும் என்று நல்ல நடிகனுக்குத் தெரியும்.

இந்த முகப்பூச்சு யுகத்துக்கு ஒரு பொருளாதாரப் பின்னணியும் உண்டு. 1873-ல் பெர்லினில் லுட்விக் லைஷ்னர் என்ற முன்னாள் ஆப்பரா பாடகர் தொடங்கிய கம்பெனி, கொழுப்பில் குழைத்த சாயத்தைக் குச்சி குச்சியாக நம்பர் போட்டு விற்றது. நடிகர்கள் பொடிகளைக் குழைத்துக்கொண்டிருந்த காலம் போய், தெருவில் போகிறவரும் கடையில் வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்றாயிற்று. தெருவிலோ கேஸ் விளக்கு, மூடுபனி. ஒட்டுத்தாடிக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. பிறகு ஒவ்வொன்றாகக் கதவுகள் மூடின. 1881-ல் லண்டன் சவாய் தியேட்டர் முழுக்க மின்விளக்குக்கு மாறியது. 1901-ல் ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு. 1915-லிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் புகைப்படம். முகத்தை மாற்றி ஊரை ஏய்ப்பது கஷ்டமாகிக்கொண்டே போனது. கதாசிரியர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் தேடவில்லை, இருந்ததையே ஊதிப் பெருக்கினார்கள். மோரிஸ் லெப்லாங்கின் ஆர்சேன் லூபான் 1905-ல் பிறந்தான். '813' நாவலில் (1910) போலீஸ் துப்பறியும் பிரிவின் தலைவரே லூபான்தான், தன்னைத் தானே வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தான் என்று தெரியவருகிறது. காஸ்தோன் லெரூவின் 'மஞ்சள் அறை மர்ம'த்திலும் பெரிய துப்பறிவாளர் என்று பெயரெடுத்தவரே குற்றவாளி. படிக்கக் குஷிதான், நம்பத்தான் முடிவதில்லை. நம்மூர் 'திகம்பர சாமியார்' இந்தக் கிளையைச் சேர்ந்தவர். 1950-ல் வந்த அந்தப் படத்தில் எம்.என். நம்பியார் 11 வேஷங்களில் வந்தார். சாமியாருக்கும் அவரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்காருக்கும் இத்தொடரில் தனி அத்தியாயம் இருக்கிறது, பொறுங்கள்.

சரியான வழியைக் கண்டுபிடித்தவர் ஜி.கே. செஸ்டர்டன். 1911-ல் புத்தகமாக வந்த முதல் பிரவுன் பாதிரியார் தொகுதியில் 'விசித்திரக் காலடிகள்' என்று ஒரு கதை. பெல்கிரேவியாவில் ஒரு சிறிய, கொழுத்த பணக்கார ஓட்டல். பன்னிரண்டு பேர் மட்டும் கொண்ட ஒரு சங்கத்தின் வருடாந்தர விருந்து. சர்வர் ஒருவருக்குத் திடீரென்று பக்கவாதம்; சாகக் கிடக்கிறவருக்குச் சடங்கு செய்ய வந்த பாதிரியார், இருட்டான ஒரு சிறு அறையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். வெளியே தாழ்வாரத்தில் காலடிச் சத்தம். முதலில் குடுகுடுவென்று வேகமான சிற்றடிகள். சட்டென்று நின்று, அதே இடத்திலிருந்து கனமான, சாவகாசமான உலாத்தல். மறுபடி குடுகுடு, மறுபடி உலாத்தல். பூட்ஸ் ஒன்றுதான், அதே லேசான கிரீச்சொலி. ஒரே ஆள் ஏன் இரண்டு நடை நடக்கிறான்? பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறார்.

அந்தக் காலத்து விருந்தில் கனவான்களுக்கும் கறுப்புக் கோட்டு, பரிமாறுகிறவர்களுக்கும் கறுப்புக் கோட்டு. ஃபிளாம்போ என்ற திருடன் கனவான்கள் நடுவே வரும்போது தலையைக் குனிந்து, கால்கள் பறக்க, சர்வராக இருக்கிறான். சர்வர்கள் நிற்கும் பக்கம் திரும்பியதும் தோளை நிமிர்த்தி, ஊர் தன்னுடையது என்பதுபோல் மெதுவாக உலாத்தும் கனவானாகிவிடுகிறான். கனவான்கள் சர்வரின் முகத்தைப் பார்ப்பதில்லை. சர்வர்கள் கனவானை நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்பதில்லை. முகத்தில் ஒரு பொட்டுச் சாயம் இல்லாமல், முத்துப் பதித்த வெள்ளி மீன்கத்திகளும் முட்கரண்டிகளும் மூட்டையாகிவிட்டன. நம்மூர்க் கல்யாணத்தில் பெண் வீட்டார் 'மாப்பிள்ளை பக்கத்து ஆள்' என்றும், மாப்பிள்ளை வீட்டார் 'பெண் பக்கத்து ஆள்' என்றும் நினைத்துக்கொள்ள, முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டுப் போகிறவரின் உத்திதான் இது. குட்டு வெளிப்பட்ட பிறகு, சர்வர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று சங்கத்தார் பச்சைக் கோட்டுக்கு மாறிக்கொள்கிறார்கள். செஸ்டர்டனின் கிண்டல் கத்திபோல இறங்கும் இடம் அது.

இங்கிலாந்தின் துப்பறியும் கதை அதற்குப் பிறகு இந்த ஒரு கண்டுபிடிப்பில்தான் முப்பது, நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியது என்பது என் கட்சி. வேலைக்காரர்களால் நிரம்பிய ஒரு சமூகம், அவர்கள் முகத்தைப் பார்க்காமலே வாழப் பழகியிருந்தது. சீருடை ஒன்று போதும், ஆள் மறைந்துவிடுவான்.

இடையில் சட்டம் போடுகிறவர்களும் வந்தார்கள். ரொனால்ட் நாக்ஸ் பாதிரியார் 1929-ல் எழுதிய பத்துக் கட்டளைகளில் கடைசி: இரட்டைப் பிறவிகளையும் அச்சு அசலான உருவ ஒற்றுமை கொண்டவர்களையும், வாசகரைத் தயார்ப்படுத்தாமல் கொண்டுவராதே. நியாயம்தான். வேஷம் என்ற பெயரில் என்ன வேண்டுமானாலும் செய்யலாமென்றால் வாசகர் எதை வைத்துக் கணக்குப் போடுவார்? 1930-ல் இந்த எழுத்தாளர்கள் சேர்ந்து தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் புது உறுப்பினர் சேருவதே ஒரு நாடகம். அங்கி, மெழுகுவத்தி, மண்டையோடு, சத்தியப் பிரமாணம். அதற்கு முதல் தலைவர் நம்ம செஸ்டர்டன். கதைக்குள் வேஷத்துக்குக் கட்டுப்பாடு, கிளப்புக்குள் வேஷமே விதி!

அகதா கிறிஸ்டியோ நிஜ வாழ்க்கையிலேயே ஒரு தடவை வேறொருவராக இருந்தவர். 1926 டிசம்பர் 3 இரவு வீட்டைவிட்டுக் கிளம்பினார். கார் மட்டும் சரே மாவட்டத்தில் கிடைத்தது. நாடே தேடியது. 11 நாள் கழித்து ஹாரோகேட் ஊர் ஓட்டல் ஒன்றில் இருந்தார். கேப்டவுனிலிருந்து வந்த திருமதி தெரசா நீல் என்று பதிவேட்டில் எழுதியிருந்தார். நீல் என்பது கணவர் மணக்க விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயர். ஞாபகம் தவறிவிட்டது என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவர் தன் சுயசரிதையில் வாயே திறக்கவில்லை. அவர் படம் எல்லாப் பத்திரிகைகளின் முதல் பக்கத்திலும் இருந்தபோது, அந்த ஓட்டலில் சாப்பிட்டவர்களும் நடனமாடியவர்களும் பக்கத்து மேஜைக்காரியை அடையாளம் காண இத்தனை நாளாயிற்று. அதுவும் கண்டுகொண்டது ஓட்டல் பேண்டில் வாசிக்கிறவர்கள். நல்ல சீமாட்டி உடையும் அமைதியான பேச்சும் இருந்தால் போதும் என்பதை அவரைவிட யார் அறிவார்?

அதன் பிறகு அவருடைய கதைகளில் நடிகர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தனி ஆளாக மேடையில் பல பாத்திரங்களைப் படைத்துக் காட்டிய அமெரிக்கக் கலைஞர் ரூத் டிரேப்பரைப் பார்த்த வியப்பில் பிறந்தது 'எட்ஜ்வேர் பிரபுவின் மரணம்' (1933). 1935-ல் வந்த ஒரு நாவலில் பாரிஸிலிருந்து லண்டன் பறக்கும் விமானத்தில் கொலை. அதில் ஒரு வெள்ளைக் கோட்டு செய்யும் வேலை, செஸ்டர்டன் கதையின் கறுப்புக் கோட்டு செய்ததேதான். நாவலின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

இனி முழுதாக உடைக்கப் போகும் நாவல்: 'இறுதிச் சடங்குக்குப் பிறகு', 1953. படிக்காதவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

பணக்காரர் ரிச்சர்ட் அபர்நெத்தியின் இறுதிச் சடங்கு. இருபது வருஷத்துக்கும் மேலாக உறவுகள் பார்க்காத தங்கை கோரா வருகிறாள். எல்லாரும் கூடியிருக்கும்போது, அவரைக் கொன்றுவிட்டார்கள்தானே என்று வெள்ளந்தியாகக் கேட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்க்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உள்ள பழக்கம் அது. மறுநாள் கோரா கோடரியால் வெட்டப்பட்டுச் செத்துக் கிடக்கிறாள். ரகசியம் தெரிந்ததால் கொன்றுவிட்டார்கள் என்று குடும்பமே பதறுகிறது. ஆனால் சடங்குக்கு வந்தது கோராவே அல்ல. அவளுடைய துணைக்காரி, சம்பளத்துக்கு வீட்டில் இருக்கும் கில்கிறிஸ்ட் என்ற நடுத்தர வயதுப் பெண். கோராவை மயக்கித் தூங்க வைத்துவிட்டு, அவள் உடையில் வந்து அந்த ஒரு வசனத்தைப் பேசிப் போனாள். அண்ணன் கொலையுண்டார் என்ற பொய்யைக் கிளப்பிவிட்டால், கோராவின் கொலைக்கும் அங்கேயே காரணம் தேடுவார்கள் அல்லவா?

நடிப்பில் ஒரே பிசகு. தலை சாய்ப்பதைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறாள். கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும். கோரா சாய்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துவிட்டாள். அங்கிருந்த உறவுக்காரி ஹெலனுக்கு அப்போதே ஏதோ உறுத்துகிறது. நாட்கள் கழித்துத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போதுதான் அது என்னவென்று உறைக்கிறது. குற்றத்தின் நோக்கம், கோரா மலிவாக வாங்கி வந்த ஒரு வெர்மீர் ஓவியம். அதை விற்றுக் கில்கிறிஸ்ட் ஒரு டீக்கடை வைக்க வேண்டும். போருக்கு முன் அவள் நடத்திய அழகான டீக்கடை, முட்டையும் சர்க்கரையும் கிடைக்காத ரேஷன் காலத்தில் மூடிப்போனது. அதற்கப்புறம் அவள் பிறர் வீட்டில் ஏவல் செய்யும், பெயருக்கு மட்டும் மனுஷி. அதே முகத்தோடு பின்பு குடும்பத்தார் எல்லாரோடும் பழகுகிறாள், டீ கொடுக்கிறாள். ஒருத்தருக்கும் பொறி தட்டவில்லை. கோரா என்றால் பார்ப்பார்கள், துணைக்காரி என்றால் பார்க்கமாட்டார்கள். கொலைகாரிதான், மன்னிக்க முடியாதவள்தான். ஆனாலும் கிறிஸ்டி அவள் வாயில் வைத்திருக்கும் அந்த டீக்கடைப் பேச்சைப் படித்தால் மனசு என்னவோ செய்கிறது. கிறிஸ்டிக்கு வர்க்கம் புரியாது என்று அலட்சியமாகச் சொல்கிற விமர்சகர்கள் இந்த நாவலைப் புரட்டியிருக்க வாய்ப்பில்லை.

இரண்டாம் உலகப் போர் இன்னொன்றையும் செய்தது. 1950-ல் வந்த 'ஒரு கொலை அறிவிக்கப்படுகிறது' நாவலில் மார்பிள் பாட்டி, முன்பெல்லாம் கிராமத்தில் யார் எந்த வீடு என்று எல்லாருக்கும் தெரியும், இப்போது வந்து குடியேறுகிறவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை என்கிறாள். அடையாள அட்டையும் ரேஷன் புத்தகமும்தான் ஆள். காகிதம் சரியாக இருந்தால் மனுஷனும் சரி. ஆள்மாறாட்டம் ஸ்பாஞ்சால் துடைக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது.

1952 நவம்பர் 25-ல் லண்டனில் கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகம் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தும்வரை ஓடியது, 2021 மே மாதம் மறுபடி தொடங்கியது. பனியில் சிக்கிய ஒரு விடுதி, அதில் எட்டே பேர். முடிவில் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, யார் கொலைகாரர் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது இன்றைக்கும் வழக்கம். லண்டன் போகிற வாசகர்கள் செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டரில் ஒரு டிக்கெட் எடுங்கள். போவதற்கு முன் அதைப் பற்றி எதையும் படிக்காதீர்கள். நானும் சொல்லப் போவதில்லை.

அடுத்த வாரம் விஷம்: ஆர்சனிக், ஸ்டிரிக்னின், மற்றும் கிறிஸ்டி வேலை பார்த்த மருந்துக் கூடம்.